கான்ஸ்பாய் கடலில் காலியான கூண்டு: வெள்ளைச் சுறாக்கள் விலகிப்போன ஒரு நிகழ்வின் ஆய்வு

2017 மே மாதத்தின் முதல் வாரத்தில், தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப் மாகாணத்தில் கான்ஸ்பாய் என்னும் மீன்பிடி ஊரை ஒட்டிய கரைகளில் மூன்று பெருவெள்ளைச் சுறாக்கள் அடுத்தடுத்து இறந்து ஒதுங்கின. முதலில் ஒதுங்கியது 4.9 மீட்டர் நீளமுள்ள பெண் சுறா. உடலை அறுத்து ஆராய்ந்தவர்கள், இரு மார்புத் துடுப்புகளுக்கும் நடுவே வயிற்றுப்புறம் அகலமாகக் கிழிந்திருப்பதையும், உள்ளே ஈரல் முழுவதுமாக எடுக்கப்பட்டிருப்பதையும் கண்டனர். எஞ்சிய உடல் பெரும்பாலும் தின்னப்படாமலே கிடந்தது. அந்த ஆண்டு பிப்ரவரி முதல் ஜூன் வரை இப்படி ஒதுங்கிய வெள்ளைச் சுறாக்கள் மொத்தம் ஐந்து.

இந்தச் சுறாக்களைக் கூண்டுக்குள் நின்று பார்ப்பதற்காகவே உலகின் பல மூலைகளிலிருந்தும் மக்கள் அந்த ஊருக்கு வந்துகொண்டிருந்தார்கள். 1990களின் தொடக்கத்திலிருந்து வளர்ந்த அத்தொழிலைச் சுற்றி விடுதிகளும் உணவகங்களும் ஊர்திகளும் பெருகின. கூண்டுப் பயணங்களைப் பற்றி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நடந்த விவாதம், இது மனிதருக்கு ஆபத்தா, சுறாவுக்குத் தீங்கா என்ற இரண்டு கேள்விகளையே சுற்றிவந்தது. சுறா வராமலே போனால் என்ன செய்வது என்று அநேகமாக எவரும் கேட்கவில்லை. கான்ஸ்பாயில் நடந்தது அதுதான். அது நடந்தது என்று இன்று நாம் நாள் கணக்கோடு சொல்ல முடிவதற்குப் பெரும்பங்கு காரணமாக இருப்பவை, ஐயத்தோடு பார்க்கப்பட்ட அதே கூண்டுப் படகுகளின் பதிவேடுகள். இந்த நிகழ்வில் என்னை மிகவும் ஈர்ப்பது அந்தப் பதிவேடுகளே என்பதால், அவற்றை மையமாக வைத்தே இவ்வாய்வை எழுதுகிறேன்.

இடமும் தொழிலும்

கேப் டவுனிலிருந்து சாலை வழியாக ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணத்தில் கான்ஸ்பாய் வருகிறது. படகுகள் புறப்படும் சிறு துறைக்குக் கிளைன்பாய் என்று பெயர். அருகே கடலுக்குள் நீண்டிருக்கும் முனை, ஆபத்து முனை என்ற பொருள்படும் பெயரைக் கொண்டது. 1852இல் பிரித்தானியப் படைவீரர்களை ஏற்றிவந்த பர்க்கன்ஹெட் கப்பல் இந்த முனையருகே பாறையில் மோதி மூழ்கியபோது, பெண்களும் குழந்தைகளும் படகுகளில் ஏற்றப்பட, நீரில் விழுந்த வீரர்களில் பலரைச் சுறாக்கள் கொண்டுபோயின. சுறாவின் அச்சம் அந்தக் கடற்கரைக்குத் தொழிலைவிட மிகவும் பழையது.

துறையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் டயர் தீவு இருக்கிறது. அதையொட்டி நிற்கும் கீசர் பாறையில் பல்லாயிரக்கணக்கான கேப் உரோமக் கடல்நாய்கள் வாழ்கின்றன. தீவுக்கும் பாறைக்கும் இடையே உள்ள குறுகிய நீர்வழியைச் சுறாச் சந்து என்று அழைக்கிறார்கள். நவம்பர், டிசம்பரில் பிறக்கும் கடல்நாய்க் குட்டிகள் தென்கோளத்தின் குளிர்காலமான மே முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் அனுபவமில்லாமல் கடலுக்குள் இறங்கித் திரியும். அப்போது வெள்ளைச் சுறாக்கள் தீவைச் சுற்றி வேட்டையாடும். கோடையில் கரையோர ஆழமற்ற நீருக்கு வந்துவிடும். ஆக ஆண்டு முழுவதும் ஏதோ ஓர் இடத்தில் அவற்றைக் காண முடிந்தது. உலகில் வேறு எங்கும் இவ்வளவு உறுதியாகச் சுறா காண இயலாது என்று அக்காலத்தில் சொல்லப்பட்டது மிகையல்ல.

கூண்டு என்ற யோசனை இங்கே பிறந்ததல்ல. 1963 டிசம்பரில் தென் ஆஸ்திரேலியாவின் ஆல்டிங்கா கடற்கரையில் ஈட்டி மீன்பிடிப் போட்டியின்போது வெள்ளைச் சுறா ஒன்றால் கடிபட்டு, உயிர் பிழைத்ததே அதிசயம் என்னும் நிலைக்குச் சென்று மீண்ட ராட்னி ஃபாக்ஸ், பிற்பாடு அந்த விலங்கை அருகிலிருந்து பார்க்க விரும்பிக் கூண்டை வடிவமைத்தார். விலங்குக் காட்சிசாலையில் சிங்கங்களைக் கம்பிகளுக்கு இப்பால் நின்று பார்த்தபோது, கடலில் கம்பிக்குள் இருக்க வேண்டியது மனிதன் என்று தோன்றியதாக அவர் கூறியிருக்கிறார். தன்னைக் கடித்த இனத்தின் காப்பாளராக அவர் பின்னாளில் மாறியது, இந்தத் தொழிலின் வரலாற்றில் நான் மதிக்கும் செய்தி.

தென் ஆஸ்திரேலியாவில் காற்றுக் குழாயோடு ஆழத்துக்கே கூண்டை இறக்குவதும் உண்டு. கான்ஸ்பாயில் முறை எளிது. கால்வனைஸ் செய்த எஃகுக் கூண்டு படகின் பக்கவாட்டில் கட்டப்பட்டு மிதக்கிறது. அதன் மேல்விளிம்பு நீருக்கு மேலேயே இருக்கும். தடித்த வெட்சூட்டும் முகக்கண்ணாடியும் இடுப்பில் ஈயப் பட்டையும் அணிந்த சிலர் வரிசையாக உள்ளே நிற்பார்கள். சுவாசக் கருவி கிடையாது. படகின் மேலிருந்து கவனிப்பவர் 'கீழே, இடப்பக்கம்' என்று கத்தியதும் மூச்சை அடக்கி அமிழ்ந்து பார்க்க வேண்டும். நீர் பல நாட்களில் 12 முதல் 17 டிகிரி வரைதான் இருக்கும்; பச்சையாகக் கலங்கியிருக்கும் நாட்களே மிகுதி. அந்தப் பச்சைக்குள்ளிருந்து ஒரு நிழல் திரண்டு, கண்ணும் செவுளும் தெரியும் தூரத்தில் சாவகாசமாகத் திரும்பிச் செல்வதைப் பார்த்தவர்களுக்கு, சினிமா கற்றுக்கொடுத்த அச்சம் கலைந்துபோகிறது. கூண்டுப் பயணத்தை ஆதரிப்போர் சொல்லும் வாதங்களில் எனக்கு வலுவாகத் தோன்றுவது இதுவே.

சுறாவை அருகே அழைக்க, அரைத்த மீனையும் மீன் எண்ணெயையும் கடல்நீரில் கரைத்து நீரோட்டத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுகிறார்கள். கயிற்றில் கட்டிய சூரைமீன் தலையும், கடல்நாய் உருவில் வெட்டிய பொம்மையும் பக்கத்தில் மிதக்கும். சுறா நெருங்கும்போது இரையை இழுத்துவிட வேண்டும். வேண்டுமென்றே ஊட்டக்கூடாது என்பது உரிம நிபந்தனை. 1991இல் உலகிலேயே முதல் நாடாக வெள்ளைச் சுறாவுக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்த தென்னாப்பிரிக்கா, கூண்டுப் படகுகளின் எண்ணிக்கையையும் உரிமங்களால் வரையறுத்தது. கான்ஸ்பாய்க்கு எட்டு உரிமங்கள்.

பழைய விவாதம் எங்கே நின்றது

இரைக்கூழ் ஊற்றுவதால் சுறா மனிதனை உணவோடு இணைத்துப் பழகிவிடும் என்ற குற்றச்சாட்டு, கரையில் யாரேனும் தாக்கப்படும்போதெல்லாம் எழுந்தது. இதைச் சோதித்த தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் 2006இல் வந்தடைந்த முடிவு, படகுக்காரர்கள் உரிம விதியை மீறித் தொடர்ந்து இரை ஊட்டினாலன்றி அத்தகைய பழக்கம் உருவாகாது என்பதே. ஆயினும் தாக்கமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஆஸ்திரேலியாவின் நெப்டியூன் தீவுகளில் பயண நாட்கள் பெருகியபின் சுறாக்கள் அங்கே தங்கும் காலம் நீண்டதை அந்நாட்டு அறிவியல் ஆராய்ச்சி நிறுவனம், சுறாவின் உடலில் பொருத்தி அதன் நடமாட்டத்தை அறிய உதவும் குறிகருவிகளின் துணையோடு கண்டறிந்தது. அதன் விளைவாக இரைக்கூழ் ஊற்றும் நாட்களுக்கு மாநில அரசு உச்சவரம்பு விதித்தது. அளந்து பார்த்து, அளவுக்கேற்ப விதியை மாற்றிய அந்த வழியே சரியான வழி.

மனிதருக்கான ஆபத்து என்ற கேள்விக்கும் கான்ஸ்பாய் தரும் விடை எதிர்பாராதது. 2008 ஏப்ரலில் அங்கே கூண்டுப் படகு ஒன்று கவிழ்ந்து மூன்று சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். கவிழ்த்தது பேரலை, சுறாவுக்கு அதில் தொடர்பில்லை.

இவ்விவாதங்கள் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில், படகுகளில் இருந்த உயிரியலாளர்களும் தன்னார்வலர்களும் இன்னொரு வேலையைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தனர். ஒவ்வொரு பயணத்திலும் வந்த சுறாக்களின் எண்ணிக்கை, மதிப்பிட்ட நீளம், பாலினம், நீரின் வெப்பநிலை, தெளிவு ஆகியவை எழுதப்பட்டன. முதுகுத் துடுப்பின் பின்விளிம்பில் உள்ள வெட்டுகளும் நெளிவுகளும் மனிதக் கைரேகைபோல் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், துடுப்புகளின் புகைப்படங்கள் தொகுக்கப்பட்டன. அத்தொகுப்பைக்கொண்டு 2013இல் வெளியான ஆய்வு, 2007 முதல் 2011 வரை கான்ஸ்பாய்க்கு வந்துபோன வெள்ளைச் சுறாக்களை ஏறத்தாழ 900 என்று கணித்தது. மரபணுவையும் துடுப்புப் படங்களையும் சேர்த்துப் பார்த்த இன்னொரு குழு, 2016இல் நாடு முழுவதற்குமே 353 முதல் 522 வரைதான் இருக்கும் என்றது. இரண்டுக்கும் இடைவெளி பெரிது, முறைகள் வேறு. ஆனாலும் எந்தக் கணக்கை ஏற்றாலும் அது ஆயிரத்தைத் தாண்டாத, ஓரிரு மோசமான ஆண்டுகளைக்கூடத் தாங்க முடியாத ஒரு கூட்டம்.

இரு ஓர்க்காக்கள்

2015ஆம் ஆண்டு கேப் டவுனை அடுத்த ஃபால்ஸ் விரிகுடாவில், ஏழுசெவுள் சுறாக்கள் ஈரல் இழந்து கடலடியில் கிடப்பதை முக்குளிப்பவர்கள் கண்டார்கள். அதே காலத்தில் அந்தக் கடலில் இரண்டு ஆண் ஓர்க்காக்கள் சேர்ந்து திரிவது தெரியவந்தது. கொலைத் திமிங்கிலம் என்று நாம் படித்த அதே விலங்குதான். ஒன்றின் முதுகுத் துடுப்பு இடப்பக்கமும் மற்றதன் துடுப்பு வலப்பக்கமும் மடிந்து சரிந்திருந்ததால், கப்பலின் இடவலங்களைக் குறிக்கும் மாலுமிச் சொற்களைக்கொண்டு போர்ட் என்றும் ஸ்டார்போர்ட் என்றும் அவற்றுக்குப் பெயரிட்டார்கள். இவ்வளவு எளிதில் அடையாளம் காணக்கூடிய இரண்டு விலங்குகளாக இருந்தது ஆய்வுக்குக் கிடைத்த நற்பேறு. தொலைவிலிருந்து பார்த்தவர்கூட இன்னாரென்று எழுதிவைக்க முடிந்தது.

ஈரல் மட்டும் ஏன் என்ற கேள்விக்கு விடை சுறாவின் உடலமைப்பில் இருக்கிறது. மற்ற மீன்களுக்கு உள்ள காற்றுப்பை சுறாவுக்கு இல்லை. அது மிதப்பதற்கு உதவுவது எண்ணெய் நிறைந்த ஈரல். வெள்ளைச் சுறாவில் அது உடல் எடையில் கால்பங்கு வரையும் இருக்கக்கூடும். நெடும்பயணத்துக்கான எரிபொருள் கிடங்கும் அதுவே. மரத்தோணிகளுக்குச் சுறா ஈரலெண்ணெய் பூசிப் பழகிய நம் கடற்கரைக்காரர்களுக்கு, ஒரு சுறாவின் ஈரல் எவ்வளவு பெரியது, அதில் எவ்வளவு எண்ணெய் இறங்கும் என்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. குறைந்த உழைப்பில் மிகுந்த சத்துக் கிடைக்கும் உறுப்பை ஓர்க்கா தேர்ந்தெடுத்து உண்கிறது.

2017இன் சாவுகளுக்குப் பிறகு நடந்ததைத்தான் கவனிக்க வேண்டும். ஓர்க்காக்கள் தென்பட்டதும் சுறாக்கள் மறைந்தன. முதலில் சில வாரங்களில் திரும்பின. மறுபடியும் ஓர்க்காக்கள் வர, மறைவு மாதங்களாக நீண்டது. டயர் தீவுப் பாதுகாப்பு அறக்கட்டளையைச் சேர்ந்த அலிசன் டவுனர் தலைமையிலான குழு, ஐந்தரை ஆண்டுகாலத் தரவுகளை வைத்து 2022இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், குறிகருவி பொருத்தப்பட்ட 14 சுறாக்கள் ஓர்க்கா வருகையை ஒட்டி அப்பகுதியை விட்டு நீங்கியதைக் காட்டியது. அதுவரை ஒதுங்கிய எட்டு உடல்களில் ஏழில் ஈரல் இல்லை. கரைக்கு வந்தவை எட்டு; நீரிலேயே மூழ்கியவற்றின் கணக்கு எவரிடமும் இல்லை.

அக்கட்டுரையில் ஒரு வரி என்னை நெடுநேரம் நிறுத்தியது. கான்ஸ்பாயில் பதிவு தொடங்கிய நாளிலிருந்து, ஒரு வாரமோ அதற்கு மேலோ வெள்ளைச் சுறாவே தென்படாமல் போனது அதற்கு முன் இரண்டே முறை: 2007இல் ஒரு வாரம், 2016இல் மூன்று வாரம். சுற்றுலாவுக்காக அன்றாடம் கடலுக்குப் போன படகுகள் இல்லையென்றால் இப்படி ஒரு வாக்கியத்தை எழுத இயலாது. எந்தப் பல்கலைக்கழகமும் ஒரே இடத்துக்குப் பதினைந்து ஆண்டுகள் அன்றாடம் படகு அனுப்பும் செலவைத் தாங்காது.

கண்ணால் கண்ட சான்று பிறகு வந்தது. 2022 மே மாதம், கிழக்கே மொசெல் விரிகுடாவில் ஐந்து ஓர்க்காக்கள் சுறாக்களைத் துரத்துவதும், வெள்ளைச் சுறா ஒன்றைக் கொல்வதும் ஹெலிகாப்டரிலிருந்தும் ட்ரோனிலிருந்தும் படமாக்கப்பட்டன. ஸ்டார்போர்ட் அவற்றுள் ஒன்று. அதன் பின் அந்த விரிகுடாவிலும் சுறாக்கள் காணாமல் போயின. 2023 ஜூனில் அதே ஸ்டார்போர்ட், தன்னந்தனியாக, 2.5 மீட்டர் நீள இளஞ்சுறா ஒன்றை இரண்டு நிமிடத்துக்குள் கொன்று, ஈரலைக் கவ்விக்கொண்டு படகொன்றைக் கடந்து போனது. கூட்டமாக வேட்டையாடும் விலங்கு என்ற நம் எண்ணத்தை அந்த இரண்டு நிமிடங்கள் திருத்தின.

ஓர்க்கா மட்டுமே காரணமா

ஓர்க்கா வந்ததும் சுறாக்கள் விலகுவது புதியதன்று. 1997 அக்டோபரில் கலிபோர்னியாவின் ஃபாரலான் தீவுகளருகே ஓர்க்கா ஒன்று வெள்ளைச் சுறாவைக் கொன்றதைச் சுற்றுலாப் படகில் இருந்தவர்கள் நேரில் பார்த்தார்கள். அங்கே பின்னர் செய்யப்பட்ட, 2019இல் வெளியான ஆய்வின்படி, ஓர்க்காக்கள் அந்த வழியாகக் கடந்து சென்றாலே போதும். சில மணி நேரத்தில் சுறாக்கள் இடத்தைக் காலிசெய்து, அந்தப் பருவம் முழுவதும் திரும்பாமல் இருந்தன. ஆனால் அடுத்த ஆண்டு வந்தன. கான்ஸ்பாயில் அந்த மீட்சி ஏன் பழைய அளவுக்கு நிகழவில்லை என்பதே இங்கு எழும் கேள்வி.

தென்னாப்பிரிக்க அரசு அமைத்த நிபுணர் குழு 2020இல் ஓர்க்காக்களையே முதன்மைக் காரணமாகக் காட்டியது. இதை முழுதாக ஏற்காதவர்களும் இருக்கிறார்கள்; அவர்களுடைய வாதம் புறந்தள்ளத்தக்கதன்று. அடிக்கடல் நெடுந்தூண்டில் படகுகள், இளம் வெள்ளைச் சுறாக்களின் இரையான சிறு சுறா இனங்களைப் பல ஆண்டுகளாகப் பிடித்து ஏற்றுமதிக்கு அனுப்பின. கிழக்கே குவாசுலு-நடால் கடற்கரையில், குளிப்பவர்களின் பாதுகாப்புக்காக 1950கள் முதல் கட்டப்பட்டுவரும் வலைகளிலும் பின்னர் சேர்ந்த மிதவைத் தூண்டில்களிலும் ஆண்டுதோறும் வெள்ளைச் சுறாக்கள் மாட்டி இறக்கின்றன. ஒரு கடற்கரையில் சட்டம் காக்கும் விலங்கை அதே நாட்டின் இன்னொரு கடற்கரையில் அரசு நிறுவனமே கொல்வது, இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் வேதனை தரும் முரண்.

2023இல் வெளியான ஓர் ஆய்வு, மொத்த எண்ணிக்கை குறையவில்லை, சுறாக்கள் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்துள்ளன என்றது. மறு ஆண்டே வேறொரு குழு, கையிலுள்ள தரவுகளிலிருந்து அப்படி முடிவு கட்ட முடியாது என்று மறுத்து எழுதியது. எனக்கு இரண்டாம் தரப்பே நியாயமாகப் படுகிறது. பெண் சுறா முதிர்ச்சி அடைய முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகலாம் என்று முதுகெலும்பில் உள்ள வளர்ச்சி வளையங்களைக்கொண்ட ஆய்வுகள் காட்டியிருக்கும் ஓர் இனத்தில், ஓர்க்கா கொல்வதும் வலை கொல்வதும் இரை குறைவதும் தனித்தனிக் காரணங்களாக நிற்பதில்லை. வலையில் இழந்த சுறாவை ஈடுகட்ட முடியாத கூட்டம்தான் ஓர்க்காவிடமும் இழக்கிறது. ஓர்க்காவை நாம் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. அது தன் உணவைத் தேடுகிறது. வலையும் தூண்டிலும் மனிதனின் கையில் இருப்பவை.

சுறா விலகியதன் விளைவுகள் கடலுக்குள்ளும் தெரியத் தொடங்கின. ஃபால்ஸ் விரிகுடாவின் கடல்நாய்த் தீவில் வெள்ளைச் சுறாக்கள் மறைந்தபின், அதற்கு முன் அங்கே தலைகாட்டாத ஏழுசெவுள் சுறாக்கள் வரலாயின. இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பதிவுகளை ஆராய்ந்து 2025இல் வெளியான கட்டுரை, கடல்நாய்களும் ஏழுசெவுள் சுறாக்களும் பெருகியதையும், அவற்றின் இரையான மீன்களும் சிறு சுறாக்களும் குறைந்ததையும் காட்டுகிறது. அந்த ஆய்வுக்கும் அடிப்படையாக நின்றவற்றுள் ஒன்று சுற்றுலாப் படகின் பதிவே. டயர் தீவில் கூடு கட்டும் ஆப்பிரிக்கப் பென்குயினைக் கடல்நாய்களும் பிடித்துத் தின்பதுண்டு. 2024இல் அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்ட அந்தப் பறவைக்கு, சுறாவுக்கு அஞ்சாத கடல்நாய்கள் கூடுதல் சுமையாகலாம் என்ற கவலை ஆய்வாளர்களிடம் உண்டு.

தொழில் என்ன ஆயிற்று

சுறாக்கள் வராத நாட்களில் கிளைன்பாய்ப் படகுகள் வெறுங்கையோடு திரும்பின. 2020இன் கொரோனா முடக்கம் எஞ்சிய வருவாயையும் நிறுத்தியது. இதற்கிடையில், வெள்ளைச் சுறாவுக்கு அஞ்சி ஒதுங்கியிருந்த செம்புச் சுறாக்கள் அந்த இடத்துக்கு வந்தன. கூண்டுகளில் இறங்குவோர் இன்று பெரும்பாலும் காண்பது இவற்றைத்தான். அவையும் ஓர்க்காக்களுக்கு இரையாகின்றன. சுறாவோடு திமிங்கிலம், கடல்நாய், பென்குயின் எல்லாவற்றையும் காட்டும் கடற்பயணங்களாகச் சில நிறுவனங்கள் தங்கள் தொழிலை அகலப்படுத்திக்கொண்டன. செம்புச் சுறா அழகான விலங்கு, பார்க்கத் தகுந்தது. ஆனால் வாழ்நாளில் ஒருமுறை என்று சேமித்துக் கடல்கடந்து வருபவரிடம், இப்போது தெரியக்கூடியது எது என்பதைப் பணம் வாங்கும் முன்பே தெளிவாகச் சொல்லிவிடுவது படகு நடத்துபவரின் கடமை.

மெக்சிக்கோவின் குவாதலூப் தீவு இதற்கு நேர்மாறான நிலையில் இருக்கிறது. நீலத்தெளிவான நீரில் பெரிய சுறாக்கள் அங்கே தொடர்ந்து வந்தன. கூண்டுகளில் சுறாக்கள் சிக்கிய நிகழ்வுகளும் இருந்தன. 2023 ஜனவரியில் அரசு கூண்டுப் பயணத்தையே தடைசெய்தது. சுறாவுக்குத் தீங்கு நேர்ந்த இடத்தில் கட்டுப்பாடு வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் படகுகள் அனைத்தும் போனதோடு, பருவம்தோறும் அங்கே இருந்த நூற்றுக்கணக்கான கண்களும் காமிராக்களும் போய்விட்டன. நாளை அங்கும் ஓர்க்காக்கள் வந்தால், அல்லது சட்டவிரோதமாகத் தூண்டில் போடும் படகுகள் வந்தால், அதை எழுதிவைக்க யார் இருப்பார் என்ற கேள்விக்குத் தடை ஆணையில் விடை இல்லை. கூண்டின் வடிவத்தைத் திருத்துவது, படகுகளைக் குறைப்பது, ஒவ்வொரு படகிலும் பதிவாளர் ஒருவரைக் கட்டாயமாக்குவது என்ற நடுவழி அங்கே இருந்தது.

சுறாக்கள் கான்ஸ்பாய்க்குத் திரும்புமா என்பதைப் பற்றி நம்பிக்கை கொள்ளச் சிறு காரணம் ஒன்று உண்டு. 2003 நவம்பரில் அங்கே குறிகருவி பொருத்தப்பட்ட, நிக்கோல் என்று பெயரிடப்பட்ட பெண் சுறா, இந்தியப் பெருங்கடலைக் கடந்து ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையை 99 நாட்களில் அடைந்து, 2004 ஆகஸ்டில் மீண்டும் கான்ஸ்பாய்க் கடலில் தென்பட்டது; போகவர 20,000 கிலோமீட்டருக்கு மேல். அது திரும்பியதை உறுதிசெய்தது, படகிலிருந்து எடுத்த முதுகுத் துடுப்பின் படம். விட்டுப்போன இடத்தை நினைவில் வைத்திருக்கும் விலங்கு இது.

கிளைன்பாய்த் துறைக்குப் படகு திரும்பியதும் இன்றும் அன்றைய விவரம் எழுதப்படுகிறது: நேரம், நீரின் வெப்பம், தெளிவு, வந்த சுறாக்களின் இனம், எண்ணிக்கை. செம்புச் சுறாவுக்கு நேரே ஓர் எண் வருகிறது. வெள்ளைச் சுறாவுக்கு நேரே பல நாட்களில் வருவது சுழியம். 2007இன் அந்த ஒரு வாரத்தில் ஏழு நாளும் சுழியத்தை ஒருவர் விடாமல் எழுதிவைத்திருந்தார்.